இருபத்திரண்டாவது வளைவு

நூற்றிருபதில் ஒன்று என்பது எங்கள் கணக்கு.
அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்ப் பாலம்
ஐந்து மீட்டர் பத்து சென்டிமீட்டராகும்.
பழைய பொத்தான் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடம்,
நாங்கள் வியாழன்தோறும் கூடும் இடம்,
சுவரிலிருந்து சுவருக்கு நான்கு மீட்டர் அறுபத்து நாலு.
இதை எக்பெர்ட் அளந்து பார்த்தது
இருபதாவது வளைவை ஒட்டி முடித்த பிறகு.
ஆனை நுழைந்து வால் மாட்டிக்கொண்டது.

சாக்சனியின் இந்த மூலையில்
பாலத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
அதன் கால்களுக்கிடையே கார் நிறுத்துகிறார்கள்.
அதன் நிழல் வந்தால் கொடியில் துணி எடுக்கிறார்கள்.
பார்ப்பவர்கள் நாங்கள் ஒன்பது பேர்.
ஒரு வரிசைக்கு எத்தனை செங்கல் என்று
பைனாகுலரில் எண்ணி உரக்கச் சொல்வோம்,
இங்கோ குறித்துக்கொள்வான்.
அத்தனையையும் ஈரம் காயாத பிளாஸ்டரில்
பல் மருத்துவரின் ஊசியால் கீறினோம்.
(இங்கோ பல் மருத்துவன். ஊசிக்குப் பஞ்சமில்லை.)

என் வேலை அழுக்கு.
எந்த ஆண்டின் அழுக்கு என்பதற்கே இரண்டு வருடம் சண்டை.
நீராவிக் காலம் என்றார் எக்பெர்ட், டீசல் என்றான் இங்கோ.
புகை இருக்கட்டும், டீசல் ஓடட்டும் என்று முடிந்தது.
கூரை ஒழுகிச் சுண்ணாம்பு பூத்த தடங்களை
ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுத்தேன்.
பதினோராவது வளைவுக்கு மட்டும் கரி குறைவு:
போர் முடிய மூன்று வாரம் இருக்கையில்
பின்வாங்கிய படை வெடி வைத்தது அங்கேதான்.
மறுபடி கட்டியவர்களுக்குக் கிடைத்தது வேறு சூளைச் செங்கல்,
கொஞ்சம் வெளிறியது, பன்றிக்குட்டி நிறம்.
அந்த நிறம் கலக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

இப்போது கேள்வி, எந்த இரண்டை விடுவது?
"பதினொன்றை விடு," என்றார் எக்பெர்ட்.
"அது ஒட்டுப்போட்டது, அசல் இல்லை."
நான் வாயைத் திறக்கவில்லை.
தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே கழுவிய தூரிகையை.

ஹென்ரிகே அன்று சீருடையிலேயே வந்திருந்தாள்.
உள்ளூர் ரயில் ஓட்டுபவள்,
நாளுக்கு ஆறு தடவை அந்தப் பாலத்தைக் கடப்பவள்.
"நான் அதைப் பார்த்ததே இல்லை," என்றாள்.
"மேலே இருந்தால் பாலம் கிடையாது, தண்டவாளம்தான்.
நாற்பது விநாடிக்குச் சத்தம் மாறும்,
வயிறு காலியான மாதிரி.
நடுவில் ஓரிடத்தில் ஒரு விள்ளல் சத்தம் கெட்டியாகும்.
அது எதனால் என்று
இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.
அதையும் எடுத்துவிட்டால்
நான் எதன் மேல் போகிறேன்?"

எக்பெர்ட் பதில் சொல்லவில்லை.
எழுந்து போய்ச் சுவரைத் தட்டினார்.
டொக். டொக்.
பலகைச் சுவர்.
அந்தப் பக்கம் எங்கள் சமையலறை.

அனுமதி கேட்டு நகராட்சிக்கு எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் வரவில்லை.
ரம்பத்துக்கு அதுவரை பொறுமையில்லை.

இருபத்தொன்றும் இருபத்திரண்டும் இப்போது
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே நிற்கின்றன.
மலைச்சரிவு இருக்க வேண்டிய இடத்தில் குளிர்பெட்டி.
யாராவது கெட்டில் போட்டால்
பள்ளத்தாக்கில் மூடுபனி.

முதல் வண்டி விட்ட இரவு
எல்லோரும் அதன் கூடவே நடந்தார்கள்,
சுவர்த் துளைக்குள் அது நுழைந்ததும்
கதவைச் சுற்றி ஓடினார்கள்.
ஹென்ரிகே மட்டும் மண்டியிட்டு,
பிளாஸ்டர் ஆற்றங்கரை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி,
பதினோராவது வளைவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அப்பால் 'தொபுக்' என்றொரு சத்தம்.
இங்கோவின் வாயில் கெட்ட வார்த்தை.

"வண்டி எங்கே?" என்றாள், தலை திருப்பாமல்.
"கோப்பைகளோடு ஊறுகிறது."
"சரி. அந்த விளக்கை
இன்னும் கொஞ்சம் தாழ்த்து."